பல்லுக்குக் கேப் (உறை) மாட்டும் முன் கடைசி எக்ஸ்ரேயைக் கேளுங்கள்

வேலூர், காட்பாடி, குடியாத்தம் பக்கம் யாராவது ரூட் கெனால் (பல் வேர் சிகிச்சை) செய்துகொள்ளப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுப் போங்கள்.

அம்மாவுக்குக் கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை, ராத்திரியெல்லாம் வலி. காட்பாடியில் ஒரு தனியார் கிளினிக்கில் ஒரே சிட்டிங்கில் முடித்தார்கள். ஒரே நாளில் முடிப்பது தப்பில்லை. முடித்ததும் எக்ஸ்ரே எடுக்காமல் விட்டதுதான் தப்பு. அடுத்த வாரமே கேப் மாட்டி முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டார்கள். பில் கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் மொத்தத் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

கொஞ்ச நாளில் கேப்புக்குக் கீழே ஈறில் பரு மாதிரி ஒரு கொப்புளம், அமுக்கினால் சீழ். போய்க் காட்டினால், "நம்ம ஊர் வெயிலுக்கு உடம்புச் சூடும்மா, மாத்திரையில் அடங்கிடும்" என்றார்கள். மாத்திரை தீர்ந்ததும் மறுபடி வீக்கம். பின்னே என்ன ஆகும்? பல்லுக்குள் இருக்கும் நரம்பும் ரத்தக்குழாயும் செத்துவிட்டால் ரத்தத்தோடு போகிற மருந்து அங்கே எட்டாது. உள்ளே இருக்கும் அழுகலைச் சுரண்டிக் கழுவி, வேர் நுனிவரை அடைத்தால்தான் தீரும். இது பல் டாக்டருக்குத் தெரியாதா?

அப்புறம் வேர் சிகிச்சைக்கென்றே எம்.டி.எஸ். (பல் மருத்துவ மேற்படிப்பு) படித்த ஒரு டாக்டரிடம் போனோம். கோணம் மாற்றி இரண்டு எக்ஸ்ரே எடுத்து அம்மாவிடமே காட்டினார். அந்தப் பல்லில் பெரும்பாலும் 2 வேர், அவற்றுக்குள் நரம்பு ஓடும் 3 கால்வாய் இருக்குமாம், சிலருக்கு 4. அம்மாவுக்கு மூன்று. இரண்டில்தான் அடைத்த வெள்ளைக் கோடு தெரிந்தது, அதுவும் பாதி வழியில் நின்றிருந்தது. மூன்றாவதைத் தொடவே இல்லை. வேர் நுனியில் கருப்பாக ஒரு நிழல். ஒரு கால்வாய்க்குள் பளிச்சென்று ஊசி முனை போல ஒன்று: உடைந்த ஃபைல் (கால்வாயைச் சுரண்டும் மெல்லிய ஊசி போன்ற கருவி) துண்டு. "உடைவது யாருக்கும் நடக்கலாம், நோயாளியிடம் சொல்லாமல் கேப் போட்டு மூடியதுதான் தவறு" என்றார்.

இப்போது கேப்பை வெட்டியெடுத்து மறுபடி முதலிலிருந்து சிகிச்சை நடக்கிறது. புது கேப்புக்குத் தனிச் செலவு.

நீங்கள் கேட்க வேண்டியது: தொடங்கும் முன் ஒரு எக்ஸ்ரே, ஃபைல் உள்ளே இருக்கும்போது நீளம் பார்க்க ஒன்று, அடைத்த பின் ஒன்று. கடைசிப் படத்தில் எல்லாக் கால்வாயிலும் வெள்ளைக் கோடு நுனியருகே வரை போகிறதா என்று காட்டச் சொல்லுங்கள். காட்டாமல் கேப்புக்கு அளவெடுக்க விடாதீர்கள். விவரமான பில்லையும் படங்களையும் வாங்கி வையுங்கள். ஏமாற்றப்பட்டால் 2 ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம், அங்கே இவைதான் சாட்சி. நாங்களும் அந்தத் துண்டுச் சீட்டையும் புது எக்ஸ்ரேக்களையும் வைத்துப் புகார் எழுதிக்கொண்டிருக்கிறோம்.