தைத்த ஷூவைத் தைத்தே தரும் பெரியமேட்டுக் கடை

உயர் நீதிமன்றத்தில் வழக்காடும் எனக்குக் கறுப்பு ஆக்ஸ்ஃபோர்டு ஷூ, கவுனைப் போலவே அன்றாட உடுப்பு. ஏழு ஆண்டுகளாக நான் அணிந்துவரும் ஜோடியின் சோல் சென்ற ஐப்பசி மழையில் முன்பக்கம் வாய் பிளந்தது. முதலில் அதை ஒரு வணிக வளாகத்தில் உள்ள ஷூ பராமரிப்பு நிலையத்தில் கொடுத்தேன். பளபளவென்று திரும்பி வந்த ஷூ பதினைந்தே நாளில் மறுபடியும் பிளந்துகொண்டது; மேல்தோலில் அவர்கள் பூசியிருந்த கறுப்புப் பூச்சும் விரல் மடியும் இடத்தில் செதில் செதிலாக உரிந்தது. அதன் பிறகுதான், சக வழக்கறிஞர் ஒருவர் சொல்லி, சென்னைப் பெரியமேட்டில் சைடன்ஹாம்ஸ் சாலையை ஒட்டிய சந்தில், பெயர்ப்பலகைகூட இல்லாத இந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். ஷூவைக் கையில் வாங்கியவர் பளபளப்பைப் பார்க்கவில்லை. கவிழ்த்துப் பிடித்து, ஓரத்தை நகத்தால் நெம்பிப் பார்த்தார். "சார், இது தைச்ச ஷூ. இதுக்குப் போய் பேஸ்டிங் போட்டிருக்காங்க," என்றார். பேஸ்டிங் என்றால் பசையால் ஒட்டுவது. அந்த ஒரு வரியில் என் சிக்கல் முழுவதும் அடங்கியிருந்தது. வெல்ட் வைத்த ஷூவில் மேல்தோலையும் உள்சோலையும் சேர்த்துச் சுற்றிலும் வெல்ட் என்னும் தோல் பட்டை தைக்கப்பட்டிருக்கும். அடிச்சோல் அந்தப் பட்டையோடுதான் தைக்கப்படும். ஆகவே அடிச்சோல் தேய்ந்துபோனால் அதை மட்டும் பிரித்தெடுத்துப் புதிதாக ஒன்றைத் தைத்துவிடலாம், மேல்தோலைத் தொடவே வேண்டியதில்லை. விலை கூடுதலாகக் கொடுத்து இத்தகைய ஷூவை வாங்குவதே இதற்காகத்தான். தையல் அறுந்த இடத்தில் சொல்யூஷனைத் தடவி அழுத்திவிட்டால், உள்ளே போன ஈரம் அங்கேயே தங்கிவிடுகிறது.

அவர் சோலை உரித்தபோது அது கண்ணெதிரே தெரிந்தது. இரண்டு சோல்களுக்கும் நடுவே நிரப்பியிருந்த கார்க் கறுத்து, நசநசத்து, ஊறிய சாக்குப்பையின் வாடை அடித்தது. அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, மின்விசிறிக் காற்றில் இரண்டு நாள் உலர்ந்த பிறகுதான் புதுக் கார்க்கை வைப்பேன் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

தைக்கும் நாளில் அனுமதி கேட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். நூலை முதலில் தேன்மெழுகில் இழுத்துக்கொள்கிறார். கொக்கி முனை கொண்ட குத்தூசியைப் பட்டையில் ஏற்கெனவே இருக்கும் துளையில் மட்டுமே இறக்குகிறார். ஒரு துளை தூர்ந்திருந்தால் அதைத் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அடுத்ததற்குப் போவதில்லை. காரணம் கேட்டேன். பழைய துளைகளுக்கு நடுவே புதுத் துளைகள் விழுந்தால், பட்டை தபால்தலையின் ஓரம்போல் ஆகி ஒருநாள் வரிசையாகக் கிழிந்துவிடும் என்றார்.

எனக்குத் தோல் சோல்தான் வேண்டும் என்று கேட்டிருந்தேன். "கோர்ட்டு வாசல்ல தண்ணி நிக்குமே சார்," என்று தயங்கியவர், தோல் சோலின் முன்பாதியில் மெல்லிய ரப்பரை ஒட்டித் தந்தார். நம் ஊர் மழைக்கு அது சரியான முடிவு என்பதை ஒரே மாதத்தில் உணர்ந்தேன்.

நான் கேளாமலே அவர் செய்த இன்னொன்றும் உண்டு. லேஸை இறுக்கியதும் இருபக்கத் தோலும் இடைவெளியே இல்லாமல் முட்டிக்கொள்வதைக் கவனித்து, ஷூ எனக்குத் தளர்ந்துவிட்டது, அதனால்தான் குதிகால் வழுக்குகிறது என்றார். நான் இதுவரை இதற்கு உள்ளே ஒரு அட்டையைப் போட்டுச் சமாளித்து வந்தேன்; அது பாதத்தை உயர்த்தி விரல்களை நெருக்கியது. அவரோ லேஸுக்கு அடியில் இருக்கும் ஷூவின் நாக்கின் உட்புறத்தில் சிறு கம்பளித் துண்டு ஒன்றை ஒட்டினார். அது பாதத்தைப் பின்னுக்குத் தள்ளிக் குதிகாலைப் பதிய வைக்கிறது. புது ஷூ வாங்கும்போது மாலையில் போய்ப் போட்டுப் பார்க்கச் சொன்னார், பகலெல்லாம் நடந்த பாதம் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும் என்பதால்.

பராமரிப்பைப் பற்றி அவர் சொன்னதெல்லாம் இந்த ஊர்க் காற்றின் ஈரத்தை நினைத்துச் சொன்னவை. நனைந்த ஷூவை வெயிலில் வைத்தால் தோல் விறைத்து வெடிக்கும். செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்த வேண்டும். ஒரே ஜோடியை அடுத்தடுத்த நாள் போட்டால் வியர்வை வெளியேற நேரமே கிடைக்காது. பிளாஸ்டிக் பையில் மூடி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பாலியூரித்தேன் சோலாக இருந்தால், அணியாமல் பெட்டியில் வைத்தாலும் காற்றின் ஈரமே அதைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும். மெழுகுப் பாலிஷை முனையிலும் குதியிலும் மட்டும் போட்டு, மடியும் இடத்துக்குக் கிரீமோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னார்.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஒரு வாரம் என்றவர் பதினொரு நாள் எடுத்துக்கொண்டார். இடது சோலின் உள்வளைவில் ஓரம் வலதைப் போல் வழவழப்பாக இல்லை. ரசீது தருவதில்லை. நான் கொடுத்தது 2,600 ரூபாய். அந்த வளாகத்தில் கொடுத்ததைவிட அதிகம்தான், ஆனாலும் நான்கு மாதம் கழித்து ஒரு தையல்கூட நெகிழவில்லை.

சென்ட்ரலில் இறங்கி நடந்தே போய்விடலாம். கார் நிறுத்த இடமில்லை. வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை மூடியிருக்கும். ஷூவை ஈரமில்லாமல் கொண்டுபோங்கள், ஈரத்தோடு வந்தால் வாங்கமாட்டார்.