கீசர் வயரும் கடைசி ஒன்றரை மீட்டரும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த்தில் எங்கள் வீட்டு கீசர் ஓட்டுக்குக் கீழே, கூரைக்குள் படுத்திருக்கிறது. 150 லிட்டர், 3 கிலோவாட். ஜனவரி மாத டர்பன் வெயிலில் அங்கே தலையை நீட்டினால் இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடிக்கும்.

போன வருடம் தண்ணீர் சுடவில்லையென்று எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டேன். மூடியைக் கழற்றி வயரைத் தொட்டார்; மேலுறை அப்பளம் போல நொறுங்கிக் கையோடு வந்தது. சாதாரண பிவிசி பிளாஸ்டிக். அது தாங்குவது 70 டிகிரி. தண்ணீர்ச் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டை நாங்கள் வைத்திருந்ததே 65-இல்! அதோடு கூரைச் சூடு, வயருக்குள் ஓடும் 13 ஆம்பியர். பாவம், அது என்ன செய்யும்?

முதலில் போன கடையில் இன்னும் தடித்த பிவிசி வயரைக் காட்டி, இது சூடு தாங்கும் என்றார்கள். தடித்த செம்பு அதிகக் கரண்டைத் தாங்கும், சரி. உறை அதே உறைதானே? வாங்காமல் திரும்பினேன்.

இன்னொரு கடையில் சிலிகான் ரப்பர் வயர் இருந்தது. உள்ளே மூன்று கம்பி, ஒவ்வொன்றின் செம்பும் 2.5 சதுர மில்லிமீட்டர், உறை 180 டிகிரி தாங்கும் ரகம். விலையைக் கேட்டதும் கொஞ்சம் மலைத்தேன். பிவிசியைப் போல மூன்று மடங்கு. எலக்ட்ரீசியன்தான் சிரித்துக்கொண்டே சொன்னார்: போர்டிலிருந்து வரும் பழைய வயர் நன்றாக இருக்கிறது, கீசருக்குப் பக்கத்தில் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்சான ஐசோலேட்டரிலிருந்து கீசர் வரைக்கும் மாற்றினால் போதும் என்று. அளந்தால் ஒன்றரை மீட்டர். இரண்டு மீட்டர் வாங்கினேன்.

குறை இல்லாமல் இல்லை. சிலிகான் உறை சூட்டுக்குத்தான் வீரன். கூர்மையான தகரம் பட்டால் கிழிந்துவிடும். கீசர் மூடியின் ஓட்டை விளிம்பு கத்தி மாதிரி இருந்ததால் ரப்பர் வளையம் போட்டுத்தான் வயரை உள்ளே விட்டார். எலி உள்ள வீடென்றால் இன்னும் யோசிக்க வேண்டும். வேலை முடிந்ததும், அது சரியாக இருக்கிறதென்று சான்றிதழும் எழுதிக் கொடுத்தார்; நீங்களும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

ஒரு கோடை முழுக்க ஓடிவிட்டது. போன வாரம் பிரேக்கரை இறக்கிவிட்டு அவரையே திறந்து பார்க்கச் சொன்னேன். வயர் வாங்கிய அன்று போலவே வளைகிறது, நிறம்கூட மாறவில்லை. வயரைப் பிடித்திருக்கும் ஒரு டெர்மினல் திருகு மட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது, முறுக்கிவிட்டார். அது தளர்ந்தால் சிலிகானும் கருகத்தான் செய்யும் என்றார்.

மிச்ச அரை மீட்டரைத் தங்கை கேட்டாள். அவள் வீட்டில் ஐசோலேட்டருக்கும் கீசருக்கும் நடுவிலேயே ஒரு மீட்டர் இருக்கிறது. ஒட்டுப் போடுகிற கதையே வேண்டாம், கடைக்குப் போ என்றுவிட்டேன்.