ஃபைபர் சேனல் ஜோனிங்: பல வருஷம் ஓட்டியதில் தெரிந்தது

பிரொகேட், சிஸ்கோ எம்டிஎஸ் என்ற இரண்டு வகை ஸ்விட்சிலும் பல வருஷமாக ஜோனிங் வேலை பார்க்கிறேன். ஃபைபர் சேனல் என்பது சர்வர்களை ஸ்டோரேஜோடு இணைக்கும் நெட்வொர்க்; அதில் எந்த சர்வர் எந்த ஸ்டோரேஜோடு பேசலாம் என்று ஸ்விட்சில் எழுதிவைப்பதுதான் ஜோனிங். எது நல்லது என்று கேட்டால், ஸ்விட்ச் எந்தக் கம்பெனி என்பது இரண்டாம்பட்சம் என்பேன். ஜோனுக்குள் எதை அடையாளமாகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்துத்தான் ராத்திரி போன் வருவதும் வராததும். ஸ்விட்ச் போர்ட்டையா, கார்டின் எண்ணையா, இல்லை சர்வரோடு கூடவே நகர்கிற எண்ணையா? மூன்றோடும் குடித்தனம் நடத்தியாகிவிட்டது.

போர்ட் ஜோனிங் ஆரம்பத்தில் சுகம். டொமைன் எண், போர்ட் எண் எழுதினால் முடிந்தது, எச்பிஏ (சர்வரில் இருக்கும் ஃபைபர் சேனல் கார்டு) செத்துப்போய்ப் புதுசு போட்டாலும் ஜோனைத் தொட வேண்டாம். ஆனால் எவராவது கேபிளைப் பக்கத்துப் போர்ட்டில் செருகிவிட்டால் அந்தப் போர்ட்டின் உரிமை அப்படியே வந்தவருக்குப் போய்விடும், அரேயில் (டிஸ்க்குகள் இருக்கும் ஸ்டோரேஜ் பெட்டி) லன் மாஸ்கிங், அதாவது எந்த டிஸ்க்கை எந்த சர்வர் பார்க்கலாம் என்ற கட்டுப்பாடு, இருந்தால்தான் தப்பினோம். அதோடு என்பிஐவி (ஒரே போர்ட்டில் பல எண்களோடு ஸ்விட்சில் பதிவாகும் வசதி) வந்த பிறகு ஒரே போர்ட்டுக்குப் பின்னால் பல விர்ச்சுவல் சர்வர்கள் உட்கார்ந்திருக்கும், போர்ட் ஜோனிங்குக்கு அவர்கள் எல்லோரும் ஒரே ஆள்தான். எனக்கு இது ஒத்துவரவில்லை.

அடுத்தது எல்லோரும் பயன்படுத்தும் டபிள்யூடபிள்யூபிஎன், அதாவது போர்ட்டின் உலகப் பெயர். 64 பிட், 16 ஹெக்ஸ் இலக்கம். பார்த்துப் பார்த்துக் கண் பழகிவிடும்: 50:06:01:6 என்று தொடங்கினால் இஎம்சியின் கிளாரியான் அரே பரம்பரை, 50:05:07:68 என்றால் ஐபிஎம்மின் எஸ்விசி ஸ்டோரேஜ். புதிதாக வருபவர்கள் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கார்டுக்கு நோட் நேம், போர்ட் நேம் என்று இரண்டு பெயர். க்யூலாஜிக் கார்டுகளில் பெரும்பாலும் நோட் நேம் 20 என்று தொடங்கும், முதல் போர்ட்டின் பெயர் 21 என்று தொடங்கும், மிச்சமெல்லாம் ஒன்றே. மெயிலில் வந்ததைப் பார்க்காமல் காப்பி அடித்தால் போர்ட் நேமுக்குப் பதில் நோட் நேம் ஜோனுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் சர்வர் டீம் அனுப்பும் எக்செல்லை நம்புவதே இல்லை, எம்டிஎஸ்ஸில் 'ஷோ ஃப்ளோகி டேட்டாபேஸ்', பிரொகேடில் 'என்எஸ்ஷோ' அடித்து, ஸ்விட்சில் லாகின் ஆகியிருக்கும் எண்ணையே எடுப்பேன்.

இதன் விலை கார்டு மாற்றும் அன்று தெரியும். புதுக் கார்டு, புது எண். ஏலியாஸில் (எண்ணுக்கு வைத்த பெயர்) புதியதைச் சேர்த்துப் பழையதை எடுத்து, கான்ஃபிகை (ஜோன்களின் தொகுப்பு) மறுபடி எனேபிள் செய்தாகிவிட்டது, ஸ்விட்சில் லாகினும் தெரிகிறது, ஆனாலும் சர்வரில் டிஸ்க் வராது. அரேயில் அந்த ஹோஸ்ட்டுக்கு, அதாவது சர்வருக்குக் கீழே பழைய எண்தான் இன்னும் இருக்கும். ஜோனிங் ஒரு டீம், ஸ்டோரேஜ் இன்னொரு டீம் என்று பிரித்து வைத்திருக்கும் இடங்களில் இரண்டு பேரும் "என் பக்கம் சரி" என்று சொல்லிக்கொண்டே விடிந்துவிடும்.

மூன்றாவது, கார்டைவிட்டுப் பிரிந்த எண். சிஸ்கோவின் யூசிஎஸ் சர்வர் அமைப்பு தன் பூலிலிருந்து (எண்களின் தொகுப்பு) 20:00:00:25:பி5 என்று தொடங்கும் எண்ணை சர்வீஸ் ப்ரொஃபைலுக்கு (சர்வரின் அடையாளத்தைத் தனியாக வைத்திருக்கும் பதிவு) கொடுக்கும். பிளேடு மாறினாலும் எண் மாறாது, ஜோனையும் அரேயையும் தொட வேண்டாம். எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான், ஒரே ஒரு நிபந்தனையோடு: இரண்டு யூசிஎஸ் டொமைன்களுக்கு ஒரே பூலைக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே எண் இரண்டு இடத்தில் லாகின் ஆனால் அதைக் கண்டுபிடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும்.

ஐபிஎம் பவர் சர்வர்களில் இதற்கு இன்னொரு முகம். ஒவ்வொரு விர்ச்சுவல் ஃபைபர் சேனல் அடாப்டருக்கும் சி0:50:76 என்று தொடங்கும் எண்கள் ஜோடியாக வரும். சாதாரண நாளில் ஒன்றுதான் லாகின் ஆகும், எல்பாரை (மெஷினுக்குள் ஓடும் விர்ச்சுவல் சர்வர்) வேறு மெஷினுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போதே நகர்த்தும்போதுதான் மற்றது வெளியே வரும். நான் மேலே சொன்ன "லாகின் ஆனதை மட்டும் எடு" என்ற பழக்கம் இங்கே உதவாது, இரண்டாவது எண் ஸ்விட்சில் தெரியவே தெரியாது. எச்எம்சியில் (பவர் சர்வர்களை நிர்வகிக்கும் கன்சோல்) பார்த்து இரண்டையும் ஜோனில் போட வேண்டும், அரேயிலும் பதிய வேண்டும். இல்லையென்றால் மாதக்கணக்கில் எல்லாம் நன்றாக ஓடும், மெயின்டனன்ஸ் விண்டோவில்தான் நகர்த்தும் முன் நடக்கும் வேலிடேஷன் முகத்தில் அடிக்கும்.

ஒரு ஜோனுக்கு ஒரே இனிஷியேட்டர் (பேச்சைத் தொடங்கும் ஹோஸ்ட் போர்ட்) என்ற கொள்கையை இன்றுவரை விட்டதில்லை, ஆனால் கையால் எழுதுவது அலுப்புதான். எம்டிஎஸ்ஸில் ஸ்மார்ட் ஜோனிங், பிரொகேடில் பியர் ஜோனிங் வந்தபின் அந்த அலுப்பு போனது, பல ஹோஸ்ட்களை ஒரே ஜோனில் போட்டாலும் அவர்களுக்குள் பேசாமல் ஸ்விட்சே பார்த்துக்கொள்ளும். 8 ஹோஸ்ட் போர்ட், 4 அரே போர்ட் சேர்ந்த 12 பேர் ஜோனைப் பழைய முறையில் போட்டால் ஒவ்வொருவரும் மற்ற எல்லோரோடும் பேசலாம், 12 பெருக்கல் 11, ஆக ஸ்விட்சில் 132 அனுமதிப் பதிவுகள். யார் ஹோஸ்ட், யார் அரே என்று சொல்லிவிட்டால் 8 பெருக்கல் 4, இரு திசைக்கும் சேர்த்து 64 போதும். ஹோஸ்ட்டும் ஹோஸ்ட்டும் பேசவேண்டிய அவசியமே இல்லையே.

எம்டிஎஸ் பற்றி ஒரு குறை. பேசிக் மோடில் ஜோன்செட்டை (எம்டிஎஸ்ஸில் ஜோன்களின் தொகுப்புக்குப் பெயர்) ஆக்டிவேட் செய்தால் ஆக்டிவ் ஜோன்செட் மட்டும்தான் மற்ற ஸ்விட்சுகளுக்குப் போகும், முழு டேட்டாபேஸ் போக 'ஜோன்செட் டிஸ்ட்ரிபியூட் ஃபுல்' தனியாகப் போட வேண்டும். என்ஹான்ஸ்டு மோடுக்கு மாறிவிடுவது உத்தமம், ஒருவர் திருத்தும்போது ஃபேப்ரிக்கே (இணைந்திருக்கும் ஸ்விட்சுகள் முழுவதும்) லாக் ஆகும், இன்னொருவர் மேலே எழுத முடியாது. டிவைஸ் ஏலியாஸ் மாற்றியபின் கமிட் அடிக்காமல் போகிறவர்கள்மேல் எனக்குத் தனிக் கோபம் உண்டு.

இன்னும் தீராத தலைவலி பழைய ஏலியாஸ்கள். சர்வர் குப்பைக்குப் போயிருக்கும், பெயர் மட்டும் ஜோனில் இருக்கும், அழிக்க ஒருவருக்கும் தைரியம் வராது. நான் செய்வது இது: முதலில் அந்த ஜோனை ஆக்டிவ் கான்ஃபிகிலிருந்து மட்டும் வெளியே எடுப்பேன், அதுவும் ஏ, பி என்று தனித்தனியாக இருக்கும் இரண்டு ஃபேப்ரிக்குகளில் முதலில் ஏ ஃபேப்ரிக்கில் எடுத்து, சில நாள் பார்த்துவிட்டுத்தான் பி ஃபேப்ரிக்குக்குப் போவேன். எவரும் கத்தாமல் ஒரு குவார்ட்டர் எண்ட் தாண்டினால் ஜோனையும் ஏலியாஸையும் அழிப்பேன். மாத முடிவு மட்டும் பார்த்தால் போதாது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மட்டும் எழுப்பி வேலை வாங்கும் சர்வர்கள் பல ஆபீஸ்களில் உண்டு.