22 மீட்டர் இறக்கம், நான்கு வருடம்: எங்கள் தோட்டத்து டர்பைன்

தாண்டிக்குடிப் பக்கம் எங்கள் காபித் தோட்டத்தில் சின்ன பெல்டன் டர்பைன் (பீய்ச்சும் தண்ணீர் கிண்ணங்களில் அடித்துச் சுற்றும் சக்கரம், அதிலிருந்து கரண்ட்) ஒன்றைப் போட்டு நான்கு வருடம் ஆகிறது. "ஓடை சும்மாதானே ஓடுது, எவ்வளவு கரண்ட் வரும்?" என்று கேட்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். அதனால் மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

வாங்கும் முன்பே கணக்குப் போட்டேன். கொத்தனாரிடம் தண்ணீர் டியூப் கடன் வாங்கிப் படிப்படியாக அளந்ததில், மேல் தொட்டிக்கும் டர்பைன் அறைக்கும் 22 மீட்டர் இறக்கம். 200 லிட்டர் டிரம் 33 விநாடியில் நிறைந்தது. நொடிக்கு 6 லிட்டர், அதாவது 6 கிலோ. 6 × 9.8 (புவியீர்ப்பு) × 22 என்றால் சுமார் 1,290 வாட். மேலே நிற்கும் தண்ணீரின் கையிருப்பு அவ்வளவுதான். எந்தக் கம்பெனி டர்பைனும் அதற்கு மேல் ஒரு வாட் தராது. விற்றவர் "ஒரு கிலோவாட் நிச்சயம் சார்" என்றார்.

மாட்டியதும் மீட்டர் காட்டியது 390.

மீதி 900 வாட் எங்கே? ஆற்றல் அழியாது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோமே, எங்கேயாவது போயிருக்க வேண்டும். தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் கேஜ் ஒன்று வாங்கி, சக்கரத்தில் தண்ணீரைப் பீய்ச்சும் குறுகிய முனையான நாஸிலுக்கு முன்னால் பொருத்தினேன். வால்வை மூடினால் 2.2 பார், 22 மீட்டருக்குச் சரியான அளவு. திறந்து ஓடவிட்டால் 1.5. 80 மீட்டர் நீள 2 இஞ்ச் பைப்பே உராய்வில் 7 மீட்டர் இறக்கத்தைத் தின்றிருக்கிறது. அந்த ஆற்றல் தண்ணீரைச் சூடாக்கியது. ஆனால் ஒரு டிகிரியில் 60-ல் ஒரு பங்குதான், கை வைத்தால் தெரியவா போகிறது! காசு மிச்சம் பிடிக்கிறேன் என்று சின்ன பைப் வாங்கியது முழுக்க என் தப்பு. மறு வருடம் 3 இஞ்ச் போட்டு, நாஸிலையும் கொஞ்சம் சிறியதாக மாற்றினேன். அதே தண்ணீர்தான், கேஜில் 2.1, மீட்டரில் 570.

மிச்ச இழப்பு சக்கரத்திலும் ஜெனரேட்டரிலும். நாஸிலிலிருந்து தண்ணீர் நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. சக்கரத்தின் கிண்ணங்கள் ஏறத்தாழ அதில் பாதி வேகத்தில் சுற்றினால், தண்ணீர் தன் வேகத்தையெல்லாம் கொடுத்துவிட்டுச் செத்த மாதிரி கீழே விழும். மூடியைத் திறந்து பார்ப்பேன். தண்ணீர் இன்னும் துள்ளித் தெறித்தால் அந்தத் துள்ளல் நம் கரண்ட். நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையத்தில் 1932-ல் ஓடத் தொடங்கியதும் பெல்டன் சக்கரங்கள்தான், ஆனால் அங்கே இறக்கம் 900 மீட்டருக்கு மேல். நமக்குத் தண்ணீர் குறைந்தால் கதை முடிந்தது: பங்குனி, சித்திரையில் நாஸில்களில் ஒன்றை மூடிவிட்டால் 150 வாட் தேறும்.

பராமரிப்பு பெரிதாக ஒன்றுமில்லை. பேரிங் ஒருமுறை மாற்றினேன். மழைக்காலத்தில் தினமும் வலையிலுள்ள இலைதழையை அள்ள வேண்டும், இதுதான் எரிச்சல். முள்ளம்பன்றி இரண்டு தடவை பைப்பைக் கடித்துவிட்டது.

இன்னொன்று: டர்பைனைச் சுமையில்லாமல் விடக்கூடாது. பேட்டரி நிறைந்து கரண்ட்டை வாங்க ஆளில்லை என்றால், வருகிற ஆற்றல் சக்கர வேகமாக மாறி அலறும். அதற்காக உபரியை ஒரு ஹீட்டருக்குத் திருப்பியிருக்கிறோம். நல்ல தண்ணீர் வரத்துள்ள நாளில் 13 யூனிட்வரை வரும், எங்களுக்குப் பாதி போதும். ஐப்பசிக் குளிரில் வேலைக்கு வருகிறவர்கள் முதலில் தேடுவது அந்த வெந்நீர் டிரம்மைத்தான்.