மேவிக் 3 மல்டிஸ்பெக்ட்ரல் ட்ரோன்: தூந்திரத் தாவர ஆய்வுக்குத் தேறுமா?

சென்டினல்-2 செயற்கைக்கோள் படம் இலவசம்தான். ஆனால் அதில் ஒரு புள்ளி 10 மீட்டர் அகலம். பருத்திப்புல் திட்டு, பாசி, லைக்கன், குட்டை வில்லோ, உருகுநீர்க் குட்டை எல்லாம் அதற்குள் கலந்து ஒரே எண்ணாகிவிடும். டிஜேஐ நிறுவனத்தின் மேவிக் 3 மல்டிஸ்பெக்ட்ரல் ட்ரோன் 60 மீட்டர் உயரத்தில் பறந்தால் ஒரு புள்ளி ஏறத்தாழ 3 செ.மீ. தான். புல் திட்டும் அதைச் சுற்றிய பாசியும் தனித்தனியாகத் தெரிகின்றன. அருமையான விஷயம் இது!

பச்சை, சிவப்பு, சிவப்பு விளிம்பு (சிவப்புக்கும் அகச்சிவப்புக்கும் இடைப்பட்ட ஒளி), அண்மை அகச்சிவப்பு என 4 ஒளிப் பட்டைகளைத் தனித்தனியாகப் பதிகிறது. மேலே வெயிலை அளக்கும் சென்சார் உண்டு. அதை மட்டும் நம்ப வேண்டாம். பறக்கும் முன்னும் பின்னும் அளவீட்டுப் பலகையை (எவ்வளவு ஒளியைத் திருப்பும் என்று முன்பே தெரிந்த பலகை) படமெடுங்கள். பலகையில் உங்கள் நிழல் விழுந்தால், செடிகளின் ஒளிப் பிரதிபலிப்பு உள்ளதைவிடக் கூடுதலாகப் பதிவாகும். வெயிலும் மேகமும் மாறிமாறி வரும் நேரத்தைத் தவிருங்கள். சீராக மூடிய வானமே மேல்.

குறை பேட்டரியில்தான். 43 நிமிடம் என்பது காற்றில்லாத நிலைக் கணக்கு; குளிரிலும் காற்றிலும் வெகுவாகக் குறையும். பேட்டரியை உடலோடு ஒட்டிய பையில் சூடாக வைத்திருந்து, சார்ஜ் 30 சதவீதம் இருக்கும்போதே ட்ரோனை இறக்கிவிடுங்கள். காந்தத் துருவத்தை நெருங்க நெருங்கத் திசைகாட்டியும் தடுமாறும்; கையால் ஓட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.