மாணவர் கட்டுரைக்கு எந்தத் திருத்தி? வன்னி வகுப்பறைக்கான ஓர் ஒப்பீடு

சாதாரண தர மாணவர் ஒருவர் 'குளத்துக் கறையில் மாடுகள் மேய்ந்தது' என்று எழுதினால் அந்த வரியில் இரண்டு பிழைகள் உண்டு. கரை கறையாகிவிட்டது; பன்மை எழுவாய் ஒருமை வினைமுற்றைக் கொண்டு முடிந்திருக்கிறது. ஆனால், சொற்பட்டியலை மட்டும் வைத்துப் பிழை பார்க்கும் எந்தக் கருவியும் இதன் கீழே சிவப்புக் கோடு போடாது. ஏனெனில் கறை, மேய்ந்தது ஆகிய இரண்டும் தனித்தனியே நல்ல தமிழ்ச் சொற்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாணவர்களுக்கு எந்தத் திருத்தியைக் காட்டலாம் என்று கேட்கும் ஆசிரியர்கள், முதலில் இந்த ஒரு வரியைத் தட்டச்சு செய்து பார்ப்பது நல்லது.

இணைய இணைப்பு நம்பத்தகாத இடங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, லிப்ரே ஆபிஸ் என்ற எழுதும் மென்பொருளோடு, ஹன்ஸ்பெல் என்ற பிழைபார்க்கும் நிரலுக்கான தமிழ் அகராதியை இணைத்துக்கொள்வதாகும். இது இலவசம், ஒருமுறை நிறுவினால் இணையம் வேண்டியதில்லை. இதன் குறை தமிழின் இயல்போடு பிணைந்தது. ஒரு பெயர்ச்சொல்லோடு பன்மை விகுதி, வேற்றுமை உருபு, இடைச்சொல் என ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி வரும்போது அவ்வடிவங்கள் அனைத்தையும் அகராதி தாங்காது. அதனால் சரியான சொல்லும் சிவக்கிறது. முத்தையன்கட்டு, ஒட்டுசுட்டான் போன்ற நம் இடப்பெயர்களும் காலபோகம் என்ற பயிர்ச்செய்கைப் பருவப் பெயரும் பட்டியலில் இல்லாவிட்டால் அவற்றுக்கும் அதே கதிதான். ஆசிரியரே இச்சொற்களை அகராதியில் சேர்த்துவிடலாம். சேர்க்காமல் விட்டால், பக்கமெல்லாம் கோடாகத் தெரிய, மாணவர் உண்மையான பிழையையும் கவனிக்காமல் கடந்துவிடுவார்.

நீச்சல்காரன் உருவாக்கிய வாணி, நாவி ஆகிய இரண்டும் தமிழுக்கென்றே எழுந்த இலவச இணையக் கருவிகள். வாணி எழுத்துப்பிழையைப் பார்க்கிறது. நாவி சந்திப்பிழையைப் பார்க்கிறது. என் மதிப்பீட்டில் தமிழ்க் கட்டுரைக்கு அதிகம் பயன்படக்கூடியது நாவிதான். 'மாணவர்களை பாராட்டினார்', 'வயலுக்கு போனார்' என்று வல்லின ஒற்றை விட்டுவிடுவது மேல் வகுப்புகளிலும் ஓயாத பிழை. இரண்டாம், நான்காம் வேற்றுமை உருபுகளை அடுத்து வல்லினம் மிகும் என்பது ஒழுங்கான விதியாதலால் அதைப் பொறிக்குச் சொல்லிக்கொடுக்க முடிகிறது. ஆனால், எல்லா இடமும் அப்படி இல்லை. 'வேலை கொடுத்தார்' என்றால் தொழில் கொடுத்தார். 'வேலைக் கொடுத்தார்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தார். எது சரி என்பதைக் கட்டுரையின் பொருள்தான் சொல்லும். ஆகவே நாவி காட்டும் இடங்களை ஐயங்களாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் விதியை மாணவரே சொல்லுமாறு கேட்பதுதான் அதைப் பயன்படுத்தும் முறை. இதே துறையில் பேராசிரியர் ந. தெய்வசுந்தரத்தின் மென்தமிழ் சொல்லாளர் என்ற தமிழ் எழுதும் மென்பொருளும் உண்டு. ஆனால் அது கணினியில் நிறுவவேண்டிய மென்பொருள்; கைத்தொலைபேசி மட்டுமே உள்ள பிள்ளைக்கு உதவாது.

ஆங்கிலக் கட்டுரைக்கு வந்தால் நிலைமை வேறு. 2009இல் தொடங்கிய கிராமர்லி என்ற இலக்கணத் திருத்தி தமிழைப் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் அது கூர்மையானது. தமிழில் ஆர்ட்டிகிள் (a, an, the) இல்லாததால் நம் பிள்ளைகள் அதை விட்டுவிடுவதையும், 'டிஸ்கஸ்' என்ற வினையோடு தேவையில்லாமல் 'அபௌட்' சேர்ப்பதையும் இத்தகைய கருவிகள் எளிதில் பிடிக்கின்றன. லாங்குவேஜ்டூல் என்ற திருத்தி திறந்த மூலக் கருவி, அதாவது அதன் நிரலை எவரும் எடுத்துப் பயன்படுத்தலாம். சொந்தக் கணினியிலேயே நிறுவி இணையமின்றி இயக்கலாம் என்பதால் பாடசாலைக் கணினி அறைக்கு அதையே பரிந்துரைப்பேன். அதன் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது. ஆயினும் ஆங்கிலத்துக்குள்ள விதிகளோடு ஒப்பிட்டால் தமிழுக்குள்ளவை சொற்பம். 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகத் தரமுயர்ந்த வவுனியா வளாகத்திலோ, கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்திலோ ஆங்கிலத்தில் அறிக்கை எழுதவேண்டிய மாணவருக்கு, இவ்விரண்டில் எதுவானாலும் கைகொடுக்கும்.

சாட்ஜிபிடி போன்ற உரையாடிகள் மேற்சொன்ன குளத்துக் கரை வரியைத் திருத்தக்கூடியவை. எழுவாய், பயனிலை இயைபையும் அவை பார்க்கின்றன. ஆனால் 'திருத்து' என்று மட்டும் சொன்னால் கட்டுரையையே மாற்றி எழுதிக் கொடுத்துவிடும். பிள்ளை எழுதிய 'கதைத்தார்கள்' அங்கே 'பேசினார்கள்' ஆகிவிடலாம், அது பிழையே அல்லாதபோதும். பிழைகளை மட்டும் சுட்டிக்காட்டு, திருத்தாதே என்று கட்டளையிட்டாலொழிய இதைப் பதினாறு வயதுப் பிள்ளையின் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

எஞ்சியிருப்பது ஆசிரியரின் சிவப்புப் பேனா. வேகத்தில் அது எல்லாவற்றுக்கும் பின்னால். நாற்பது கொப்பிகள் திருத்தி முடியும்போது பிள்ளை தான் எழுதியதையே மறந்திருக்கும். எனினும் சாதாரண தரத் 'தமிழ்மொழியும் இலக்கியமும்' வினாத்தாளுக்கு விடை கையால்தான் எழுதப்படுகிறது. மண்டபத்தில் நாவியும் இல்லை, சிவப்புக் கோடும் இல்லை. அதனால் பரீட்சை வகுப்புக்கு நான் சொல்லும் ஒழுங்கு இது: முதல் வரைவைக் கொப்பியில் எழுதி, பக்கத்து மாணவரோடு மாற்றிப் பார்த்து, பின்னர் ஒரு பந்தியை மட்டும் தட்டச்சு செய்து நாவியில் இடவேண்டும், கருவி காட்டியதில் எவற்றை ஏற்றார், எவற்றை ஏன் மறுத்தார் என்பதைக் கொப்பியின் ஓரத்தில் மாணவர் குறிக்கவேண்டும். ஆசிரியர் அந்த ஓரக்குறிப்பையும், கருவிக்குப் புலப்படாத கரையையும் கறையையும் பார்த்தால் போதும்.