டாங்கி மூடி போடும் சத்தம்: எதை விட்டுவிடலாம், எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்

பொத்துவிலில் இருந்து கல்முனை வரை உச்சி வெயிலில் ஓடி வந்து பைக்கை நிறுத்தினால், கொஞ்ச நேரத்தில் டாங்கி மூடியின் சாவித் துவாரத்தடியில் "ஸ்ஸ்… கீச், கீச்" என்று கேட்கும். சில மூடி விசிலடிக்கும். டாங்கி வெடிக்கப் போகிறதென்று கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அதற்குத் தேவையில்லை. பைக் நின்றதும் எஞ்சினைக் குளிர்வித்த காற்றும் நின்றுவிடுகிறது. சூடு மேலேறி டாங்கியின் அடித்தகட்டைச் சுடுகிறது, பெற்றோல் ஆவியாகிறது, மூடிக்குள் இருக்கும் சின்ன வால்வு அந்த அழுத்தத்தைத் துளித்துளியாக வெளியே விடுகிறது. வால்வு திறந்து மூடித் திறந்து மூடுவதுதான் அந்தக் கீச்சல். எஞ்சின் ஆற ஆற அதுவும் அடங்கும். கீழே சைலன்சர் பக்கம் கேட்கும் டிக் டிக், இரும்பு குளிர்ந்து சுருங்கும் சத்தம். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஆனால் ஆவி வெளியே வருகிறது என்பதை மறக்கக் கூடாது. பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது, தரையோடு படியும். சூடான பைக்கை விறாந்தையில் ஏற்றி, பக்கத்தில் நுளம்புத்திரி கொளுத்துவது உண்மையிலேயே ஆபத்து.

கவலைப்பட வேண்டியது ஓடும்போது வரும் கோளாறுக்கு. எரிந்து குறைகிற பெற்றோலின் இடத்துக்கு வெளிக்காற்று உள்ளே வந்தாக வேண்டும். அந்த வழி அடைபட்டால், செங்கலடியில் நல்லபடி புறப்பட்ட பைக் பதுளை வீதியில் பத்துப் பதினைந்து கிலோமீற்றர் போனதும் இழுவை குறைந்து நிற்கும். ஐந்து நிமிடம் விட்டால் மறுபடி ஓடும். பிளக் மாற்றி, காபரேட்டர் கழுவி, காசு கரைந்த பிறகுதான் பலரும் மூடியைப் பார்க்கிறார்கள். சோதனை சுலபம்: நின்ற இடத்திலேயே மூடியைத் திறவுங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, பைக்கும் உடனே ஸ்டார்ட் ஆகி ஓடினால் குற்றவாளி மூடிதான். டாங்கி நிறைந்திருந்தால் உள்ளே காற்றிடம் குறைவு, அதனால் கோளாறு இன்னும் சீக்கிரம் காட்டும்.

இந்தக் கரையோரத்தில் அடைப்புக்குக் காரணம் கடல் உப்பும் கச்சான் காற்றுக் காலத்துப் புழுதியும். மூடியையும் சேர்த்து இறுக்கும் ரெக்சின் கவரும், மழைக்கென்று மூடிக்கடியில் செருகும் சொப்பிங் பையும் அதே வேலையைச் செய்யும்.

துப்புரவு செய்ய எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும், கிட்ட நெருப்பு கூடாது. டாங்கி வாயில் நூல் பிரியாத துணியை அடைத்துவிடுங்கள்; ஸ்குரூ உள்ளே விழுந்தால் டாங்கியையே கழற்ற வேண்டி வரும். பல மூடிகளின் அடித்தட்டை மூன்று நான்கு சின்ன ஸ்டார் ஸ்குரூக்கள் பிடித்திருக்கும். கழற்றும் முன் போனில் படம் எடுங்கள். உள்ளே ஸ்பிரிங்கும் குண்டோ றப்பரோ இருக்கும், துள்ளிப் போகும். பிளாஸ்டிக் பேசினுக்குள் வைத்துக் கழற்றுவது நல்லது. பழைய பல்துலக்கியில் பெற்றோல் தொட்டுக் கழுவி, காற்றுத் துவாரத்தில் மெல்லிய தங்கூசி (மீன்பிடி நைலோன் நூல்) விடுங்கள். கம்பி விட்டால் வால்வு அமரும் இடம் கீறுப்படும், பிறகு மூடி எந்நேரமும் ஒழுகும். காய்ந்ததும் பொருத்தி, மேலிருந்து ஊதினால் காற்று தடையில்லாமல் போக வேண்டும். சாவித் துவாரத்துக்கு எஞ்சின் எண்ணெய் விட வேண்டாம், புழுதி ஒட்டிக் களியாகிவிடும். கிராபைட் தூள் போதும். றப்பர் வளையம் வெடித்திருந்தால் வளையத்தை மட்டும் மாற்றுங்கள். மலிவான டூப்ளிகேட் மூடிகளில் காற்றுவழி ஒழுங்காக இல்லாதவை உண்டு, வாங்கும்போதே ஊதிப் பார்க்க வேண்டும்.

டாங்கியைக் கழுத்துவரை நிரப்புவது இன்னொரு கெட்ட பழக்கம். 12 லீற்றர் பெற்றோல் 15 பாகை சூடேறினால் ஏறக்குறைய 170 மில்லிலீற்றர் பெருகும், ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பை அளவு. ஷெட்டில் நிலத்தடித் தொட்டியிலிருந்து வரும் பெற்றோலை வெயிலில் நிறுத்தினால் அவ்வளவு சூடேறும். வாயின் உள் விளிம்புக்குக் கீழே நிறுத்தச் சொல்லுங்கள்.

காலையில் மூடியைச் சுற்றி ஈரம், காபரேட்டர் ஓவர்ஃபுளோ குழாயில் சொட்டு, எஞ்சின் எண்ணெய் கூடிப் பெற்றோல் மணப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் டாங்கியடியில் உள்ள பெற்றோல் டெப்பைப் பூட்டுங்கள். எண்ணெயில் பெற்றோல் கலந்திருந்தால் மாற்றாமல் ஸ்டார்ட் செய்ய வேண்டாம், பெயரிங் தேயும்.

மாரிக்கு முன் ஒரு வேலை: மூடியைச் சுற்றியுள்ள பள்ளத்தில் ஒரு சின்னத் துவாரம் இருந்தால், அது மழைநீர் வடிய விட்டது. மூடியைப் பூட்டி, அதில் அரைக் கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கீழே குழாயால் உடனே ஓடிவிட வேண்டும். தேங்கி நின்றால் அந்தத் தண்ணீர் டாங்கிக்குள்தான் இறங்கும்; கீழ்க் குழாயைக் கழற்றி, தங்கூசியை அங்கேயும் விடுங்கள்.